அழுத்தம், வெப்பம், நேரம்: என்ஜின் தட்டலின் அறிவியல்

பெட்ரோல் கார் மேட்டில் ஏறும்போதோ, உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்றுகொண்டிருக்கையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதோ, தகர டப்பாவில் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஒலி என்ஜினிலிருந்து எழுவதுண்டு. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் இந்தத் தட்டல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே அடங்கிவிடுவதால், ஓட்டுநர்களில் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துபவர்களிலும் பலர், ஏதோ ஓர் உலோகப் பகுதி தளர்ந்து மற்றொன்றில் மோதுகிறது என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இந்த ஒலியின் பிறப்பிடம் பெரும்பாலும் உலோகம் அன்று, வாயு. சிலிண்டருக்குள் உரிய முறையில் எரிந்திருக்க வேண்டிய கலவையின் ஒரு பகுதி, தன் முறை வருமுன் தானாகவே பற்றிக்கொண்டதன் விளைவு அது. எத்தனை காரணங்கள் பட்டியலிடப்பட்டாலும், அவை அனைத்தும் அழுத்தம், வெப்பம், நேரம் என்ற மூன்று அளவுகளில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றுவதன் வழியாகவே தட்டலை உண்டாக்குகின்றன என்பதும், ஆகவே இம்மூன்றில் எது மாறியது என்று தேடுவதே நோயறிதலின் சாரம் என்பதும் இந்த அத்தியாயம் விளக்க முற்படும் கருத்துகள்.

இதை விளக்குவதற்குப் பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த ஆனேக்கல் வட்டம் பொருத்தமான களமாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பையொட்டி இருக்கும் இவ்வட்டத்தின் அத்திப்பள்ளியைக் கடந்ததும் தமிழ்நாட்டின் ஓசூர் தொடங்குகிறது. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இறங்க, அதிலிருந்து பிரியும் சென்னைச் சாலை வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக, 200 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் உள்ள வேலூரை அடைகிறது. சில மணி நேரப் பயணத்துக்குள் காற்றின் அழுத்தமும் வெப்பமும் இவ்வளவு மாறுவதால், ஒரே என்ஜின் ஓரிடத்தில் அமைதியாகவும் மற்றோரிடத்தில் தட்டலோடும் ஓடுவதை இந்தத் தடத்தில் காண முடிகிறது.

சுடரும் தானெரிவும்

பிஸ்டன் மேலேறிக் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை நெருக்கும்போது, அது உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாகவே ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்புகிறது. அப்பொறியிலிருந்து தோன்றும் சுடர் விநாடிக்கு ஏறத்தாழ 10 முதல் 30 மீட்டர் வேகத்தில் சிலிண்டரின் சுவர்களை நோக்கிப் பரவுகிறது. பேச்சுவழக்கில் இதை வெடிப்பு என்று சொன்னாலும், முறையாக ஓடும் என்ஜினில் நிகழ்வது விரைவான, ஆனால் ஒழுங்கான எரிதலே ஆகும். சுடர் பரவப் பரவ, எரிந்து விரியும் வாயு, இன்னும் எரியாமல் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. கடைவாயு என்று குறிக்கத்தக்க இந்த எச்சம், முதலில் பிஸ்டனாலும் பின்னர் சுடராலும் இருமுறை நெருக்கப்பட்டுச் சூடேறுவதால், சுடர் வந்து சேரும்வரை அது பொறுத்திருந்தால் எரிதல் அமைதியாக முடிகிறது; பொறுக்காமல் தானே பற்றிக்கொண்டால், அதன் ஆற்றல் முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வெளிப்பட்டு, அழுத்த அலைகளாகச் சிலிண்டரின் குறுக்கே மோதி மோதித் திரும்புகிறது.

அந்த அலைகளின் அதிர்வெண், சிலிண்டரின் விட்டத்தையும் சூடான வாயுவில் ஒலி செல்லும் வேகத்தையும் பொறுத்தது என்பதை, பிற்காலத்தில் அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கருவிக்காகப் புகழ்பெற்ற சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930களில் ஆராய்ந்து காட்டினார். இன்றைய சிறிய கார்களில் வழக்கமான 70 முதல் 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இதைக் கணக்கிட்டால் விநாடிக்கு 7,000 முதல் 8,000 அதிர்வுகள் என்ற விடை கிடைக்கிறது. நாக்கிங்கின் ஒலி கனமாக இல்லாமல் கூர்மையாகக் கேட்பதற்கு இதுவே காரணம். ஒலியை விட அதன் பின்விளைவே கவலைக்குரியது: சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டனின் தலையையும் ஒட்டியிருந்து அவற்றை வெப்பத்திலிருந்து காக்கும் மெல்லிய வாயுப் படலத்தை இவ்வலைகள் குலைத்துவிடுவதால், உலோகம் சூடேறி, பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்பட்டு, ரிங்குகளைத் தாங்கும் வரப்புகள் உடைந்து, ஹெட் கேஸ்கெட் சிதையும் நிலைவரை கேடு வளரக்கூடும்.

கடைவாயு தானாகப் பற்றுவது உடனடி நிகழ்வு அன்று. வெப்பமும் அழுத்தமும் உயர்ந்த நிலையில், எரிபொருள் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடு வகைச் சேர்மங்களாகி, அவை உடைந்து மேலும் பல வினைகளைத் தூண்டும் தொடர்வினை பெருகுவதற்கு ஒரு சிறிய கால அளவு தேவைப்படுகிறது. பற்றுதாமதம் எனப்படும் அந்தக் கால அளவு வெப்பமும் அழுத்தமும் கூடக் குறைகிறது. மறுபுறம், சுடர் கடைவாயுவை வந்தடைவதற்கான நேரம் என்ஜினின் வேகத்தைப் பொறுத்தது: நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட், எரிதல் நிகழும் 40 பாகைக் கோணத்தை ஏறத்தாழ 2 மில்லிவிநாடிகளில் கடக்க, 1,500 சுற்றுகளில் அதற்கு இரு மடங்கு நேரம் ஆகிறது. குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தட்டல் மிகுதியாக எழுவதன் விளக்கம் இதில் அடங்கியுள்ளது. மிதித்ததால் உள்ளே வரும் காற்று கூடி அழுத்தம் உயர்ந்திருக்க, குறைந்த சுழற்சி வேகத்தால் கடைவாயுவுக்குக் கூடுதல் நேரமும் கிடைத்துவிடுகிறது.

ஆக்டேன் எண்ணின் பொருள்

எரிபொருளின் தன்மைக்கும் தட்டலுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களுள் முதன்மையானவர் பிரிட்டனின் ஹாரி ரிகார்டோ. முதல் உலகப் போருக்குப் பின், ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை என்ஜின் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு எரிபொருளும் எந்த அளவு நெருக்குதல்வரை தட்டாமல் தாங்கும் என்று அவர் அளந்தார். அழுத்த விகிதம் என்பது, பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவு, அது உச்சியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும். அது உயர உயர ஒரே அளவு பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுவதால், தட்டலை வெல்வது என்பது சிக்கனத்தை அடைவது என்றே பொருள்பட்டது. 1920களில் கிரகாம் எட்கர், எளிதில் தட்டும் நேர்சங்கிலி ஹெப்டேனுக்குச் சுழியம் என்றும், கிளைகள் நிறைந்த அமைப்பால் பெராக்சைடு வினைகளுக்கு எளிதில் இடம் தராத ஐசோ ஆக்டேனுக்கு நூறு என்றும் வைத்து, எரிபொருள்களை ஒப்பிடும் அளவுகோலை முன்வைத்தார். ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு ஈடாக அது தட்டலை எதிர்க்கிறது என்று பொருளே தவிர, அதில் ஆற்றல் மிகுதி என்று பொருள் அன்று.

அமெரிக்காவில் 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே தட்டலை அடக்குவதைக் கண்டறிந்தார். அந்த வசதிக்கு உலகம் கொடுத்த விலை, பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்த ஈயம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படலாயிற்று. முன்பு 88 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் பின்னர் 91 ஆகி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 95 என உயர்ந்துள்ளது. இ20 எனப்படும் இக்கலவை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில் அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் தட்டலை இரு வழிகளில் எதிர்க்கிறது: அதன் மூலக்கூறு எளிதில் தானாகப் பற்றுவதில்லை என்பதோடு, ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆயினும் எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது; தொட்டியில் நீர் அளவு மீறினால் எத்தனால் நீரோடு சேர்ந்து அடியில் படிய, மேலே நிற்கும் பெட்ரோல் தன் எதிர்ப்புத் திறனில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. மழைக்காலத்தில் பெட்ரோல் நிரப்பிய உடனே தட்டலும் தடுமாற்றமும் சேர்ந்து தொடங்கினால், முதலில் ஐயுற வேண்டியது இதையே.

பீடபூமி மறைக்கும் குறை

900 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே நம்பிச் சுவாசிப்பதால், ஆனேக்கலில் அது ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றின் நிறையும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. திறன் சற்றுக் குன்றினாலும், நெருக்குதலின் முடிவில் அழுத்தம் தாழ்ந்திருப்பதால் கடைவாயுவின் பற்றுதாமதம் நீள்கிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருவதும் இக்காரணத்தாலேயே. பீடபூமியின் மிதமான தட்பவெப்பமும் இதற்குத் துணைபுரிகிறது. அழுத்த விகிதம் 10 உள்ள என்ஜினில், உள்ளே வரும் காற்று 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தால், நெருக்குதலின் முடிவில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 20 பாகையாகப் பெருகிவிடும். ஆகவே 28 பாகை நிலவும் ஆனேக்கலுக்கும் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வேலூருக்கும் இடையே கடைவாயு சந்திக்கும் வெப்ப வேறுபாடு சிறியதன்று.

இதிலிருந்து நடைமுறைக்கு இன்றியமையாத முடிவு ஒன்று பெறப்படுகிறது. படிந்த கரியாலோ பழுதான தெர்மோஸ்டாட்டாலோ தட்டலின் எல்லையை நெருங்கிவிட்ட கார் ஒன்று, ஆனேக்கல் வட்டத்தின் சந்தாபுராவிலும் பொம்மசந்திராவிலும் நாள்தோறும் ஓடியும் ஒலி எழுப்பாமல் இருந்துவிட்டு, கோடை விடுமுறையில் குடும்பமும் சுமையுமாகச் சமவெளிக்கு இறங்கியதும், அல்லது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரை நோக்கி நண்பகலில் ஏறும்போது, தட்டத் தொடங்கக்கூடும். அப்போது ஓட்டுநர் வழியில் நிரப்பிய பெட்ரோலைக் குறைகூறுவது இயல்பு; ஆனால் பெட்ரோல் அதே தரத்தில் இருந்தும், பீடபூமி அதுவரை அளித்துவந்த சலுகை நீங்கியதே காரணமாக இருக்கலாம். டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் இது இன்னும் தெளிவு; பீடபூமியில் காதால் கேட்டு, தட்டல் எழும் எல்லைவரை டைமிங்கை, அதாவது பொறி எழும் தருணத்தை, முன்னே தள்ளி வைத்த என்ஜின், சமவெளியில் தட்டியே தீரும். டர்போ பொருத்திய என்ஜின்களுக்கு இந்தச் சலுகை பெரிதாக இல்லை. வெளிக்காற்று மெலிந்திருந்தாலும் டர்போ அதை வேண்டிய அழுத்தத்துக்கு நெருக்கி, அந்த முயற்சியில் சூடாகவும் ஆக்கி அனுப்புகிறது.

ஒலியைப் பிரித்தறிதல்

சரிசெய்யும் முன், எழுவது எரிதல் தட்டல்தானா என்று உறுதிசெய்தல் வேண்டும். ஏனெனில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எழும் ஒலிகள் பல. கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் எழும் ஒலி கனமானது, ஆழமானது. அது வண்டி நியூட்ரலில் நிற்கும்போது என்ஜினைச் சற்று முறுக்கினாலும் கேட்கும், ஆயில் சூடேறி இளகியதும் கூடும், ஆயில் அழுத்தமும் குறைந்திருக்கும். பிஸ்டன் சிலிண்டரில் தளர்ந்திருந்தால் எழும் ஒலி குளிர்ந்த என்ஜினில் மிகுந்து, சூடேறியதும் தணியும். டேப்பட் ஒலி சுமையைப் பொருட்படுத்தாமல் என்ஜின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும். சைலன்ஸரின் வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்ந்து, நாக்கிங்கை அச்சாக ஒத்த ஒலியைத் தரும். எரிதல் தட்டலோ சுமையின் கீழ், சூடேறிய என்ஜினில் மட்டுமே எழுந்து, கியரைக் குறைத்ததும் அடங்கும்.

இவற்றைப் பிரிப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டி ஏறக்குறைய காலியாகும்வரை ஓட்டிவிட்டு, முன்பு பயன்படுத்தியதைவிட ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலை நிரப்பி, அதே சாலையில், அதே கியரில், அதே சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் இதற்கு உதவும். ஒலி மறைந்தாலோ குறைந்தாலோ அது எரிதல் தட்டல். சிறிதும் மாறாவிட்டால் உலோகப் பகுதிகளை நோக்கித் தேடலைத் திருப்ப வேண்டும். பேரிங் தேய்வு என்ற ஐயம் வலுத்தால் வண்டியை மேலும் ஓட்டுவது முறையன்று.

காரணத்தைத் தேடும் வரிசை

எரிதல் தட்டல் என்று உறுதியான பின், செலவு குறைந்ததும் எளிதில் திருப்பிச் சரிசெய்யத்தக்கதும் ஆனவற்றிலிருந்து தொடங்குதல் நன்று. வெப்பத்தைப் பொறுத்தவரை, கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலை, மின்விசிறி, ரேடியேட்டரின் இதழ்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிரானைட் ஆலைகள் நிறைந்த ஜிகனி போன்ற பகுதிகளில் ஓடும் வண்டிகளில் இவ்விதழ்கள் தூசியால் அடைபட்டிருப்பது எளிதில் கவனத்துக்கு வராமல் போகிறது. உள்வரும் காற்றை அளக்கும் உணரியின் மீது அதே தூசி படிந்தால், காற்று உண்மையில் வருவதைவிடக் குறைவாக வருவதாகக் கட்டுப்பாட்டுக் கணினி கருதி, பெட்ரோலைக் குறைத்தும் பொறியை முன்தள்ளியும் இருவழியில் தட்டலுக்கு இடம் கொடுக்கிறது. கலவையில் பெட்ரோல் தேவைக்குக் குறைவாக இருப்பதை ஸ்கேனரில் தெரியும் எரிபொருள் திருத்த அளவு காட்டிக்கொடுக்கும்; அதிலும் பி0171 என்ற குறியீடு பதிவாகியிருந்தால், காற்றுக் கசிவு, அடைபட்ட இன்ஜெக்டர், தளர்ந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றை அடுத்துத் தேட வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நடந்தது என்ன என்பதற்கான சான்று கையில் கிடைக்கிறது. வெண்பீங்கான் பகுதியில் மிளகும் உப்பும் தூவினாற்போன்று கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் அந்தச் சிலிண்டரில் தட்டல் நிகழ்ந்து வந்திருக்கிறது. அலுமினியம் தென்பட்டால் பிஸ்டனே கரையத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். நான்கு பிளக்குகளும் ஒத்த நிலையில் இருந்தால் காரணம் பெட்ரோல், டைமிங், குளிர்விப்பு போன்ற பொதுவான ஒன்று. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரிலோ கரிப்படிவிலோ தேட வேண்டும். வெப்பத்தை விரைவில் கடத்தாத, தவறான வகைப் பிளக் பொருத்தப்பட்டிருந்தால் அதன் முனையே செஞ்சூடேறி, பொறி எழும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். முன்பற்றல் எனப்படும் இது தட்டலின் உறவுதான் என்றாலும் பிஸ்டனின் நடுவே துளையிடும் அளவுக்குக் கொடியது.

நெரிசலில் நின்று நின்று குறுந்தொலைவே ஓடும் கார்களில் எரிதல் அறைக்குள் கரி படிவதும், ரிங்குகள் தேய்ந்த என்ஜினில் ஆயில் உள்ளே கசிந்து எரிவதும் பொதுவானவை. படிந்த கரி எரிதல் அறையின் கொள்ளளவைக் குறைத்து அழுத்த விகிதத்தை உயர்த்துவதோடு வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கிறது. கசியும் ஆயிலோ கலவையின் ஆக்டேன் தன்மையையே தாழ்த்துகிறது. பிளக் துளை வழியாகச் சிறு கேமராவைச் செலுத்திக் கரியின் அளவைக் கண்ட பின்னரே, பெட்ரோலில் தூய்மைத் திரவம் கலப்பதா, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டும். சிஎன்ஜி பொருத்திய கார்களில், அந்த வாயு தட்டலை மிக வலுவாக எதிர்ப்பதால் பொறியை முன்தள்ளும் துணைக் கருவி சில வேளைகளில் சேர்க்கப்படுகிறது. பெட்ரோலுக்கு மாறிய பின்னும் அது செயல்பட்டுக்கொண்டிருந்தால் தட்டல் எழும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் சிறிய டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆயில் துளிகளால் எழும் முன்பற்றலைத் தடுக்க, 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்து ஆயில் வகுக்கப்பட்டுள்ளது. இத்தகைய என்ஜினில் பழைய தரத்து ஆயிலை ஊற்றிச் சிக்கனம் காண்பது பெருஞ்செலவில் முடியலாம்.

ஒலி இல்லாததும் நலத்தின் சான்றன்று

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் என்ஜின் பிளாக்கில், அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பீங்கான் உணரி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. டிரேப்பர் ஆராய்ந்த அந்த அதிர்வெண்ணை அது உணர்ந்ததும், கட்டுப்பாட்டுக் கணினி பொறி எழும் தருணத்தைச் சில பாகைகள் பின்தள்ளி, அழுத்தத்தின் உச்சத்தைத் தாழ்த்தித் தட்டலை நிறுத்திவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திப் பார்க்கிறது. இது என்ஜினைக் காக்கும் அரிய ஏற்பாடு. எனினும் குறை நீங்காமல் ஒலி மட்டும் அடங்குவதால், நோய் பிக்கப் குறைவாகவும் மைலேஜ் குறைவாகவும் உருமாறித் தொடர்கிறது. ஆகவே இத்தகைய காரில் காதுக்கே கேட்கும் தட்டல் எழுகிறதென்றால், கணினியின் திருத்தத்தையும் மீறிக் குறை வளர்ந்துவிட்டது, அல்லது உணரியோ அதன் வயரோ பழுதடைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். பின்னதைப் பி0325 என்ற குறியீடு சுட்டும். உணரியை மாற்றும்போது தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே அதன் போல்ட்டை முறுக்க வேண்டும், ஏனெனில் கூடினாலும் குறைந்தாலும் அது அதிர்வைத் தவறாகவே உணரும்.

டைமிங்கை நிலையாகப் பின்தள்ளித் தட்டலை அடக்குவது பட்டறைகளில் எளிதாகக் கைக்கொள்ளப்படும் வழி; ஆனால் அதனால் வெளியேறும் புகையின் வெப்பம் கூடி, வினையூக்கி மாற்றி கெடுவதோடு, தட்டலை உண்டாக்கிய குறையும் அப்படியே எஞ்சுகிறது. சரியான பழுதுபார்ப்பின் அடையாளம் வேறு: பழுது நீக்கும் முன்பும் பின்பும், அதே சாலையில் அதே சுமையில், கணினி பொறியை எத்தனை பாகை பின்தள்ளுகிறது என்பதை ஸ்கேனரில் பதிந்து ஒப்பிட்டு, அந்தத் திருத்தம் ஏறக்குறைய மறைந்துவிட்டதை உறுதிசெய்வதே அது. ஒலி குளிர்ந்த என்ஜினிலா சூடேறிய என்ஜினிலா, எந்தக் கியரில், எத்தகைய சாலையில், எப்போது நிரப்பிய பெட்ரோலுக்குப் பின் எழுந்தது என்ற விவரங்களை ஓட்டுநர் தெளிவாகச் சொன்னால், எந்த அளவு மாறியது என்ற கேள்விக்கு மெக்கானிக் பாதி விடையை அங்கேயே பெற்றுவிடுகிறார். ஆனேக்கலில் பழுது நீக்கிய காரைப் பட்டறை வாசலில் முறுக்கிப் பார்த்து ஒப்படைப்பது போதாது. சுமையோடு, சூடேறிய நிலையில், இயன்றால் கிருஷ்ணகிரிவரை இறங்கி ஏறிய பின்னும் பொறித் திருத்தம் கூடாமல் இருந்தால்தான், நிறுத்தப்பட்டது ஒலி மட்டுமன்று, அதன் காரணமும்தான் என்று துணிந்து சொல்ல முடியும்.